பாறையின் வயசைச் சொல்லி எங்கள் வாயை அடைக்காதீர்கள்

ஞாயிற்றுக்கிழமை குன்னூர் கூட்டத்தில் என்ன நடந்தது என்று வந்திருந்தவர்களுக்குத் தெரியும். வராதவர்களுக்கு வாட்ஸ்அப்பில் வீடியோ வந்திருக்கும். "நீலகிரி பாறை 250 கோடி வருஷம் பழசு. இதுக்குள்ள அணுக்கழிவைப் புதைச்சாக்கூட அசையாது. உங்களுக்குப் பயம்தான் இருக்கு, ஜியாலஜி தெரியல" என்றார் பேச்சாளர். எல்லாரும் கைதட்டினார்கள். பதில் சொல்ல எழுந்த என்னிடமிருந்து மைக்கை வாங்கிவிட்டார்கள்.

பாறையின் வயசு இங்கே கேள்வியே இல்லை. தண்ணீர்தான் கேள்வி. புதைத்த கழிவு தானாக மேலே வராது; வெடிப்புகளில் ஊறி ஓடும் நிலத்தடி நீர்தான் அதைக் கரைத்துச் சுமந்து வரும். கழிவில் இருக்கும் கதிரியக்கப் பொருளான புளூட்டோனியம்-239 பாதியாகக் குறையவே சுமார் 24,000 வருஷம் ஆகும். அத்தனை காலமும் தண்ணீர் எந்த வழியில், எவ்வளவு மெதுவாகப் போகும் என்று சொல்லாமல் வயசை மட்டும் சொல்வது பதிலா?

பின்லாந்தில் அணுக்கழிவைப் புதைக்கப் பாறைக்குள் குடைந்திருக்கும் ஓங்கலோவை அந்தப் பேச்சாளரேதான் உதாரணம் காட்டினார். அங்கேயும் பாறை ஏறக்குறைய 190 கோடி வருஷம் பழசு. அப்படியும் அவர்கள் பாறையை மட்டும் நம்பவில்லை. 430 மீட்டர் ஆழத்தில் கழிவை அடைக்கச் செப்புக் குடுவை, அதைச் சுற்றி ஈரம் பட்டால் உப்பி இடைவெளியை அடைக்கும் பென்டோனைட் களிமண். இத்தனையும் தண்ணீருக்குப் பயந்துதான். இதே முறையில் புதைக்க நினைத்த சுவீடனில் அந்தச் செப்பு அரிக்காமல் தாங்குமா என்று 2018-ல் சுற்றுச்சூழல் நீதிமன்றமே கேட்டது. அரசு அனுமதி 2022-ல்தான் வந்தது. அந்த நீதிபதிகளிடமும் ஜியாலஜி தெரியவில்லை என்று சொல்வாரா? ஜெர்மனியின் ஆஸ்ஸே உப்புச் சுரங்கத்தில் 1967 முதல் 1978 வரை ஏறக்குறைய 1,26,000 அணுக்கழிவுப் பீப்பாய்களை இறக்கினார்கள். 1988-லிருந்து அதற்குள் தண்ணீர் வருகிறது. இப்போது எல்லாவற்றையும் வெளியே எடுக்க வழி தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

என் அப்பா சிங்காராவில் பைக்காரா மின்திட்டத்துக்குச் சுரங்கம் குடைந்தபோது கூலிக்குப் போனவர். நாள் கணக்கில் காய்ந்த கருங்கல்லாகவே வருமாம். திடீரென்று ஒரு வெடிப்பில் துளை பட்டதும் தண்ணீர் பீய்ச்சி அடிக்குமாம். பம்ப் வைத்து இறைத்த பிறகுதான் மறுபடி உள்ளே விடுவார்களாம். அதே மலை, சார்னோகைட் என்கிற அதே பழைய கருங்கல். அப்பா பள்ளிக்கூடம் முடிக்கவில்லை. ஆனால் மலைக்குள் தண்ணீர் எப்படி வரும் என்று உடம்பால் தெரிந்தவர். அதைச் சொல்லத்தான் அன்றைக்கு எழுந்தேன்.

"நீலகிரியில் யாரும் புதைக்கப் போவதில்லையே, எதற்கு இந்தக் கோபம்?" என்று கேட்பீர்கள். உண்மைதான், அப்படி ஒரு திட்டமே இங்கே இல்லை. பேச்சுக்குச் சொன்னார், சரி. ஆனால் பேச்சுக்குக்கூட எங்கள் மலைதான் கிடைத்ததா?

எங்கள் மலையில் மண் சரிகிறதே என்றால், "நிலச்சரிவு மேல்மண்ணில் நடப்பது, ஆழத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை" என்று ஒரு தம்பி இன்பாக்ஸில் எழுதியிருக்கிறார். பெரும்பாலும் சரி. சரிவது செம்மண்ணும் உளுத்த பாறையும்தான். ஆனால் வடக்கே மாயாறு, தெற்கே பவானி என்று இரண்டு பக்கமும் பழங்காலத்தில் நிலம் நசுங்கி நகர்ந்த பட்டைகள் ஓடுகின்றன தம்பி. அந்தப் பட்டைகளின் கிளை வெடிப்புகள் மலைக்குள் எவ்வளவு ஆழம் இறங்குகின்றன, மழைநீர் அதில் எதுவரை போகிறது? துளையிட்டுப் பார்த்தவர் பேசட்டும், கேட்டுக்கொள்கிறேன்.

"கரண்ட் வேணும், கழிவு வேண்டாமா?" என்பவர்களுக்கு: பைக்காரா, குந்தா நீர்மின் திட்டங்கள் எங்கே இருக்கின்றன? எங்கள் ஆற்றை மறித்து, எங்கள் மலையைக் குடைந்து எடுத்த கரண்ட் கீழே எத்தனை ஊரில் எரிகிறது? 2009 நவம்பர் மழையில் நாற்பது பேருக்கு மேல் மண்ணுக்குள் போனார்களே, அப்போது இந்தப் பாறையின் உறுதியைப் பேச யார் வந்தார்கள்? இங்கே பிறந்து, இங்கே மண் சரிந்து ஆட்களைப் பறிகொடுத்தவர்களைப் பார்த்து 'பயம்' என்று சொல்ல எப்படி மனசு வந்தது?

கழிவை எங்காவது வைத்துத்தான் ஆகவேண்டும், அதை நான் மறுக்கவில்லை. கழிவைக் கண்ணாடியோடு சேர்த்து உருக்கி உறைய வைத்தாலும் கடைசியில் அதற்கு ஓர் இடம் வேண்டும். ஆனால் அடுத்த கூட்டம் போடும்போது வெடிப்புகளின் வரைபடத்தையும் நீரோட்டக் கணக்கையும் கொண்டுவாருங்கள். சுரங்கத்தில் வேலை பார்த்தவர்கள் இன்னும் மசினகுடியில் இருக்கிறார்கள். முதல் வரிசையில் அவர்களை உட்கார வையுங்கள், மைக்கை அவர்களிடம் கொடுங்கள்.