தனிக் குழுவாகவே இருங்கள், பேட்சை மட்டும் உள்ளே அனுப்புங்கள்

சேலத்துக் கல்லூரிகளில் கட்டற்ற மென்பொருள் குழு நடத்தும் தம்பி தங்கைகளுக்காக இதை எழுதுகிறேன். கருப்பூர் பக்கம் நடந்த ஒரு சந்திப்பில் ஒரு குழுவினர், "நாங்களே தமிழில் ஒரு லினக்ஸ் இயங்குதளம் வெளியிடப் போகிறோம், பெரிய புராஜெக்ட்காரர்களிடம் போய் நிற்கவேண்டிய அவசியமில்லை" என்றார்கள். அந்த வேகம் எனக்குப் பிடித்தது. முடிவு பிடிக்கவில்லை.

அவர்கள் செய்திருக்கும் வேலை நல்ல வேலை. ஏற்காட்டு மலைக் கிராமப் பள்ளிகளில் பழைய கணினிகளுக்கு லினக்ஸ் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். மேலே நெட் சரியாகக் கிடைக்காது என்பதால் வேண்டியதை எல்லாம் பென்டிரைவிலேயே கொண்டுபோகிறார்கள். கணினியைத் திறந்த உடனே பிள்ளைகள் தமிழில் தட்டச்சு செய்யலாம். இதற்கெல்லாம் எந்த மெயின்டெய்னரிடமும், அதாவது மூல நிரலைப் பராமரிப்பவரிடமும், அனுமதி கேட்க வேண்டாம். நாகலூர்ப் பிள்ளைகளுக்கு என்ன தேவை என்பது எங்கோ இருக்கும் அவருக்கு எப்படித் தெரியும்? குழுவுக்கு இந்தச் சுதந்திரம் கட்டாயம் வேண்டும்.

என் வருத்தம் வேறு. ஒரு செயலியில் அச்சு எடுத்தால் தமிழ் எழுத்துகளின் கொம்பு இடம் மாறி விழுந்துகொண்டிருந்தது. குழுவில் ஒரு தங்கை நிரலைக் குடைந்து காரணத்தைக் கண்டுபிடித்துச் சரிசெய்துவிட்டார். ஆனால் அந்தத் திருத்தம் (பேட்ச் என்பது இதைத்தான்) இவர்களுடைய பென்டிரைவில் மட்டும்தான் இருக்கிறது. செயலியின் ஒவ்வொரு புதிய பதிப்புக்கும் அதை மறுபடி ஒட்டவேண்டும். அவர் படிப்பு முடிந்து பெங்களூருக்கு வேலைக்குப் போய்விட்டால் யார் ஒட்டுவது? யாழ்ப்பாணத்தில் இதே கொம்போடு மல்லுக்கட்டுகிறவருக்கு இப்படி ஒரு திருத்தம் இருப்பதே தெரியாது.

பேட்சை மூலத் திட்டத்துக்கு வெளியே வைத்துப் பராமரிப்பது எவ்வளவு பெரிய பாடு என்பதற்கு, லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் குறித்த நேரத்துக்குள் பதில் தருவதற்காக எழுதப்பட்ட ரியல்டைம் பேட்ச்களைப் பாருங்கள். உலகின் மிகத் திறமையான கெர்னல் ஆட்கள் ஏறத்தாழ 20 ஆண்டுகள் அவற்றைத் தனியே வைத்து, ஒவ்வொரு பதிப்புக்கும் திருத்திக்கொண்டே வந்தார்கள். 2024இல் வந்த 6.12 பதிப்பில்தான் அது முழுதாக உள்ளே போனது. அவர்கள் அதுவரை சும்மா இருக்கவில்லை என்பதுதான் நாம் கவனிக்கவேண்டியது. மியூட்டெக்ஸ் என்ற பூட்டு முறை, நுண்ணிய டைமர்கள், கெர்னலுக்குள் நடப்பதைத் தடம்பிடிக்கும் எஃப்ட்ரேஸ் என்று அங்கே விளைந்ததைத் துண்டு துண்டாக உள்ளே கொடுத்துக்கொண்டே இருந்தார்கள். தனிக் குழுதான், ஆனால் கதவை அடைத்துக்கொண்ட குழு இல்லை.

அனுப்பாமல் விட்டால் வேலை வீணாவது மட்டுமில்லை, ஆபத்தும் உண்டு. 2006இல் டெபியன் என்ற லினக்ஸ் வெளியீட்டில், தகவலை மறைகுறியாக்கப் பயன்படும் ஓப்பன்எஸ்எஸ்எல் பொதியைப் பராமரித்தவர், ஒரு சோதனைக் கருவி காட்டிய எச்சரிக்கையை நிறுத்த நிரலில் ஒரு மாற்றம் செய்தார். மூலத் திட்டத்தாரிடம் ஒரு கேள்வி போனது. பேட்ச் அவர்களுடைய பரிசீலனைக்குப் போகவில்லை. 2008 மே மாதம் விஷயம் வெளியே வந்தபோது, அந்த மாற்றத்தால் இடைக்காலத்தில் உருவான மறைகுறியாக்கச் சாவிகள் ஒவ்வொரு வகைக்கும் சுமார் 32,000 சாத்தியங்களுக்குள் அடங்கிவிட்டன என்று தெரிந்தது. ஊகித்துவிடலாம். உலகம் முழுக்க சாவிகளை மாற்றவேண்டியதாயிற்று. இத்தனைக்கும், திருத்தங்களை மூல ஆசிரியர்களுக்குத் தெரிவிப்போம் என்று 1997லேயே தன் சமூக ஒப்பந்தத்தில் எழுதிவைத்த அமைப்பு டெபியன். அப்படிப்பட்ட இடத்திலேயே இது நடந்தது.

சரி, பழி முழுவதும் குழுக்கள் மேலா? இல்லை. ஓப்பன்ஆபிஸ் என்ற அலுவலக மென்பொருளுக்கு நிரல் கொடுக்க வேண்டுமென்றால் அதன் பதிப்புரிமையில், திட்டத்தை நடத்திய சன் நிறுவனத்துக்குப் பங்கு எழுதிக் கொடுக்கவேண்டும் என்றிருந்தது. அதில் உடன்பாடில்லாதவர்களின் பேட்ச்கள் கோ-ஓஓ என்ற பெயரில் வெளியே குவிந்தன. 2010இல் ஓப்பன்ஆபிஸிலிருந்து பிரிந்து லிப்ரேஆபிஸ் பிறந்ததும் அவையெல்லாம் அதில் சேர்ந்துகொண்டன. வாசலைக் குறுக்கினால் ஆட்கள் வேறு வாசல் கட்டிக்கொள்வார்கள். லினக்ஸுக்குத் திரைமுகம் தரும் க்னோம் திட்டத்தில் மொழிபெயர்ப்பு எப்படி நடக்கிறது பாருங்கள்: ஒவ்வொரு மொழிக்கும் ஒரு குழு, ஓர் ஒருங்கிணைப்பாளர், மொழி பற்றிய முடிவு அந்தக் குழுவுடையது. பெரிய திட்டங்கள் எல்லாம் சிறு குழுக்களுக்கு இந்த மரியாதையைத் தரவேண்டும்.

நம் ஊரிலேயே இதற்கு முன்னுதாரணம் உண்டு. சேலத்து ஜவ்வரிசி ஆலைகள் ஆளுக்கொரு முதலாளி, ஆளுக்கொரு கணக்கு. ஆனாலும் சரக்கு 1981இல் தொடங்கிய சேகோசர்வ் கூட்டுறவு சங்கத்துக்குப் போகிறது, அங்கே மாதிரி எடுத்துத் தரம் பார்க்கிறார்கள், ஏலத்துக்கு வருகிறது. சங்கத்தில் சேர்ந்ததால் எந்த ஆலையும் தன் பெயரை இழக்கவில்லை. பக்கத்துக் கேரளத்தில் சுதந்திர மலையாளம் கம்ப்யூட்டிங் குழுவும் இப்படித்தான் நிற்கிறது: தன் பெயரில் எழுத்துருக்களை வெளியிடுகிறது, மலையாள மொழிபெயர்ப்புகளை அந்தந்தத் திட்டத்துக்குள்ளேயே சேர்க்கிறது. நமக்கும் அதுதான் வழி என்று உறுதியாக நம்புகிறேன்.

அதனால் அந்தக் குழுவிடம் நான் கேட்பது இதுதான். பென்டிரைவும் பயிற்சியும் உங்களுடையதாகவே இருக்கட்டும். கொம்புத் திருத்தத்தை மட்டும் இந்த வாரமே அனுப்புங்கள். தவறாக அச்சான பக்கத்தையும் சரியான பக்கத்தையும் படமாகச் சேருங்கள், பேட்சைப் பார்க்கிறவருக்குத் தமிழ் எழுத்து தெரியாமல் இருக்கலாம். பேட்சில் அந்தத் தங்கையின் பெயரே இருக்கவேண்டும். ஆங்கிலத்தில் விளக்கம் எழுதத் தயக்கம் என்றால் நான் கூட உட்கார்ந்து எழுதித் தருகிறேன். ஒரு மாதம் பொறுத்து, ஒருமுறை நினைவூட்டி, அப்போதும் பதில் வராவிட்டால் ஃபோர்க், அதாவது நிரலைப் பிரித்துத் தனியே நடத்துவது, பற்றி அப்புறம் பேசலாம்.