மூன்று நூலும் பத்து மில்லியும் ஒன்றாம்!

பத்து மில்லிமீட்டர் போல்ட் கேட்டவனிடம் மூன்று நூல், அதாவது எட்டில் மூன்று அங்குல, போல்ட்டைக் கொடுத்துவிட்டு, "ரெண்டும் ஒண்ணுதானுங்க" என்று சொல்லும் கடைக்காரர்களுக்கு நரகத்தில் வைத்திருக்கும் எண்ணெய்க் கொப்பரையின் கால்களை, அவர்கள் விற்ற போல்ட்டுகளைக் கொண்டே முடுக்கியிருக்க வேண்டும் என்று நேற்று மனமாரச் சபித்தேன். அப்படி முடுக்கினால் கொப்பரை கவிழ்ந்து அவர்கள் தப்பிவிடுவார்கள் என்பது பிறகுதான் உறைத்தது.

துளையிடும்போது பொருளை இறுக்கிப் பிடிப்பதற்காக ஒரு சிறிய அலுமினியக் கிளாம்ப் செய்துகொண்டிருந்தேன். கட்டையின் ஆறு பக்கங்களையும் சதுரத்துக்குக் கொண்டுவந்து, 8.5 மில்லி துளையிட்டு, மண்ணெண்ணெய் விட்டு, பத்து மில்லி மெட்ரிக் மரை வெட்டும் எம்10 டேப்பை அரைச் சுற்று முன்னும் கால் சுற்று பின்னுமாகத் திருப்பி மரை போடுவது எவ்வளவு பொறுமையைத் தின்னும் என்பதை வீட்டில் லேத் வைத்திருப்பவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அந்த மரையில்தான் கடைக்காரர் சத்தியம் செய்து கொடுத்த "பத்து மில்லி" போல்ட் இறங்கியது. சற்றே ஆடியபடி, ஆனால் எந்தத் தடையும் சொல்லாமல் இறங்கியது. கடைசியாக இறுக்கும்போது ஸ்பேனர் திடீரென்று இலேசானது. போல்ட்டை உருவியபோது, நான் போட்ட மரை முழுவதும் அதன் பள்ளங்களில் அலுமினியச் சுருளாக ஒட்டிக்கொண்டு வெளியே வந்தது.

போல்ட்டையும், விட்டம் அளக்கும் வெர்னியரையும், மரை இடைவெளி அளக்கும் பிட்ச் கேஜையும் எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். வெர்னியர் ஒன்பதரை மில்லி காட்டியது. "அரை மில்லிதானுங்களே" என்றார். பிட்ச் கேஜில் அங்குலத்துக்குப் பதினாறு மரை என்று பொறித்திருந்த தகடு வெளிச்சம் புகாமல் பொருந்துவதைக் காட்டினேன். அதை ஏதோ சாவிக்கொத்து என்று நினைத்தாரோ என்னவோ, வாங்கிப் புரட்டிப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார். பிறகு வேறொரு டப்பாவிலிருந்து பத்து மில்லி நட் ஒன்றை எடுத்து, அந்த மூன்று நூல் போல்ட்டில் மாட்டி, ஒற்றை விரலால் சுண்டிவிட்டு, "எப்படி ஓடுது பாருங்க" என்று வெற்றிப் பெருமிதத்துடன் என்னைப் பார்த்தார். ஐயா, அப்படி ஓடுவதுதான் நோய்! உங்கள் போல்ட்டின் விட்டம் 9.525 மில்லி, ஒரு மரைக்கும் அடுத்ததற்கும் இடைவெளி 1.5875 மில்லி. எம்10 மரையின் இடைவெளி 1.5 மில்லி. இரண்டும் நெருங்கிய உறவினர் போல நடித்துக்கொண்டு உள்ளே போகும். இறுக்கத் தொடங்கியதும், மரையின் நுனிகள் மட்டுமே ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருப்பதால், மென்மையான உலோகம் எதுவோ அது உரிந்து வரும். இதை நான் விளக்கி முடித்தபோது அவர் அடுத்த வாடிக்கையாளருக்கு ஆணி நிறுத்துக்கொண்டிருந்தார்.

அந்த வாடிக்கையாளர் சும்மா இருந்திருக்கலாம். "டெஃப்லான் டேப் சுத்தி முடுக்கிப் பாருங்க சார்" என்றார். குழாயில் நீர் கசிவதையா நான் முறையிட்டுக்கொண்டிருந்தேன்? கடைப் பையனும் தன் பங்குக்கு, வெல்டிங் வைத்துவிட்டால் காலத்துக்கும் கழலாது என்றான். கழற்றி மாட்டுவதற்காகவே செய்யப்படும் ஒரு கிளாம்பைக் காலத்துக்கும் கழலாமல் செய்வதற்கு இத்தனை பேர் யோசனை சொன்னது, பம்புசெட்டுக்கும் லேத்துக்கும் பேர்போன கோயம்புத்தூரில்.

இங்கிலாந்தில் 1841-ல் இந்த அங்குல மரையை வகுத்த விட்வொர்த் மீது எனக்கு எந்த வருத்தமும் இல்லை. தம் மரைக்குக் கோணம் 55 பாகை என்று ஒழுங்காக எழுதி வைத்துவிட்டுத்தான் போனார். 60 பாகை மெட்ரிக் மரையோடு கலந்து ஒரே டப்பாவில் கொட்டி வையுங்கள் என்று அவர் சொல்லவில்லை. நம் நாடு மெட்ரிக் அளவைச் சட்டம் இயற்றியது 1956-ல். அந்தச் செய்தி இன்னும் அந்த டப்பாவுக்குப் போய்ச் சேரவில்லை.

போதாக்குறைக்கு, பாழான கட்டையைப் படமெடுத்து நண்பர்களுக்கு அனுப்பினால், அவர்களாவது ஆறுதல் சொல்வார்கள் என்று பார்த்தேன். சென்ற மாதம் தீப்பெட்டி அளவு நீராவி இயந்திரம் செய்து காட்டி எங்கள் எல்லோரிடமும் பாராட்டு வாங்கிய மனிதர், "இந்தக் கிளாம்ப் கடையிலேயே மலிவாகக் கிடைக்குமே" என்று எழுதினார். உங்கள் நீராவி இயந்திரத்தை வைத்து எந்த ஊருக்கு ரயில் விடுகிறீர்கள் என்று கேட்க நினைத்து, எழுதி, அழித்துவிட்டேன்.

கட்டையைக் காப்பாற்ற வழி இல்லாமல் இல்லை. துளையை 10.2 மில்லிக்குப் பெரிதாக்கி எம்12 மரை போட்டால் போதும். அதற்கு எம்12 போல்ட் வேண்டும். ஞாயிற்றுக்கிழமையில் திறந்திருப்பது அந்த ஒரு கடைதான். பன்னிரண்டு மில்லி கேட்டால் அவர் நாலு நூல் போல்ட்டை எடுத்து நீட்டுவார் என்பதில் எனக்குத் துளியும் ஐயமில்லை. 12.7 மில்லி என்பதால் அது உள்ளேயே நுழையாது என்று எண்ணிச் சிரித்துக்கொண்டேன்.