எல்லாத்துக்கும் 777தான்னா அப்புறம் பெர்மிஷன்னு ஒண்ணு எதுக்குய்யா?

"ப்ரோ பெர்மிஷன் டினைட்னு வருது, 777 குடுத்துருங்க." லினக்ஸ் சர்வர பாத்துக்குற எங்களுக்கு இந்த மெசேஜ பாத்தாலே பத்திக்கிட்டு வருது. 777ன்னா யாரு வேணா படிக்கலாம், எழுதலாம், ரன் பண்ணலாம்னு திறந்து விடற பெர்மிஷன். எந்த ஃபைலு, எந்த யூசர்ல ரன் ஆகுது, ஒண்ணும் சொல்ல மாட்டாங்க, வைத்தியத்த மட்டும் அவங்களே எழுதிட்டு வந்துருவாங்க. கேக்குறது ஒரே ஒரு அப்லோட் ஃபோல்டர்ல எழுதறதுக்கு, அதுக்கு சர்வர்ல இருக்குற அத்தன பேருக்கும் திறந்து விடணுமாம். படிக்க 4, எழுத 2, ரன் பண்ண 1, கூட்டுனா 7, ஓனருக்கு ஒண்ணு குரூப்புக்கு ஒண்ணு ஊர்ல மிச்சம் இருக்குறவனுக்கு ஒண்ணு. அந்த கடைசி 7 யாருக்குப் போகுதுன்னு ஒரு செகண்ட் யோசிச்சா என்ன?

இதுல ஒருத்தர் நம்மகிட்ட கேக்கக்கூட இல்ல, டிப்ளாய் யூசரோட (சர்வர்ல கோட ஏத்துற அக்கவுண்ட்) ஹோம் ஃபோல்டர் மேலயே மைனஸ் ஆர் போட்டு, அதாவது உள்ள இருக்குற எல்லாத்துக்கும் சேத்து, 777 அடிச்சு விட்டுட்டாரு. உடனே பாஸ்வேர்டுக்கு பதிலா கீ ஃபைல் வச்சு லாகின் பண்றது மொத்தமா நின்னுபோச்சு. நிக்காம என்ன பண்ணும், ஹோம் ஃபோல்டர்ல கண்டவனும் எழுதலாம்னு இருந்தா எஸ்எஸ்ஹெச் (தூரத்துல இருந்து சர்வருக்குள்ள லாகின் பண்ண விடற ப்ரோக்ராம்) அந்த கீய நம்பவே நம்பாது, லாக்ல "பேட் ஓனர்ஷிப் ஆர் மோட்ஸ்"னு தெளிவா எழுதியும் வச்சிருக்கு. ஆனா அய்யா நமக்கு அனுப்புன டிக்கெட் என்னன்னா "சர்வர் டவுன், நெட்வொர்க் டீம் செக் பண்ணவும்". ஹோமுக்கு 755, கீ இருக்குற டாட் எஸ்எஸ்ஹெச் ஃபோல்டருக்கு 700, கீ ஃபைலுக்கு 600னு திருப்பி வச்சா முடிஞ்சுது, ஆனா அது வரைக்கும் ஃபோன் கால்ல மேனேஜர்கிட்ட திட்டு வாங்குனது யாரு, நாங்கதான்.

ஒழுங்கான வழி இல்லாமலா இருக்கு? ஒரு குரூப் போட்டு ஆளுங்கள சேத்து, ஃபோல்டருக்கு 2775 குடுத்தா, முன்னாடி இருக்குற அந்த 2னால உள்ள புதுசா வர்ற ஃபைல் எல்லாம் அதே குரூப்ல விழும், யூமாஸ்க்க (புது ஃபைல்ல எந்த பெர்மிஷன கழிக்கணும்னு சொல்ற செட்டிங்) 002 ஆக்கிட்டா குரூப்காரங்க எழுதவும் செய்யலாம். அவ்ளோதான். குரூப்ல சேத்துட்டோம், ஒருதடவ லாகவுட் பண்ணிட்டு வாங்க, அப்பதான் புது குரூப் பிடிக்கும்னா அதுக்கும் கோவம், "அதெல்லாம் பண்ணிட்டேன் ப்ரோ"ம்பாங்க, போய் பாத்தா காலைல திறந்த அதே டெர்மினல். அட சாமி. அப்புறம் டாக்கர் (ஆப்ப கன்டெய்னர்ல ஓட்டுற டூல்) குரூப்ல சேத்து விடுங்கன்னு ஒரு கூட்டம், சுடோ, அதாவது சர்வரோட முழு அதிகாரம் இருக்குற ரூட் அக்கவுண்டா கமாண்ட் ஓட்டுற உரிமை, கேட்டா தரமாட்டோம்னு தெரிஞ்சு இந்தப் பக்கமா வர்றாங்க, டாக்கர் குரூப்ல இருந்தா ரூட் கையில இருக்குற மாதிரிதான்னு எங்களுக்குத் தெரியாதாமா!

வேலைய விட்டுப் போனவங்க கத இன்னும் மோசம். ஆளு போனத ஹெச்ஆர் எங்களுக்கு சொல்றதே இல்ல. கேட்டா "பாஸ்வேர்ட லாக் பண்ணியாச்சே"ன்னு டீம்ல இருந்து பதில் வருது, பாஸ்வேர்ட லாக் பண்ணா கீ எங்கய்யா போகும், அது அந்த ஃபைல்ல அப்படியேதான் உக்காந்துருக்கு, அவரு வீட்ல இருந்தே ஜம்முனு உள்ள வரலாம். ஆடிட்காரன் வந்து இது யாரு அக்கவுண்ட்னு கேக்குறப்ப மட்டும் ரூம்ல இருக்குற மொத்த பேரும் என் மூஞ்சியவே பாப்பாங்க.