பெட்டி வரட்டும், ஆனால் யாரைக் கேட்டு?

எங்கள் வீட்டு வாசலுக்குத் தபால்காரர் ஒருநாளும் வந்ததில்லை. வீதி முனையில் நிற்கும் பொதுத் தபால்பெட்டிதான். வேலையால் வரும்போது காரை ஓரங்கட்டி, கிடப்பதை அள்ளிக்கொண்டு வருவேன். அநேகமாகப் பீட்சா விளம்பரம்தான். கனடாவில் முக்கால்வாசிப் பேருக்கு வாசல் விநியோகம் கிடையாது. ஆகவே, மீதிப் பேருக்கும் அதை நிறுத்திப் பெட்டி வைக்க அரசு சொல்லிவிட்டதைக் கேட்டு ‘ஐயோ, தபால்காரர் வரமாட்டாராமே’ என்று அழுகிற பதிவு இல்லை இது.

பெட்டியோடு எனக்கு ஒரு கோபமும் இல்லை. அது எந்த இடத்தில் நிற்கவேண்டும் என்று சொல்ல ஒரு ஊருக்கு உரிமை இல்லையே, அதுதான் உறுத்துகிறது.

2013 டிசம்பரில் அரசுத் தபால் நிறுவனமான கனடா போஸ்ட், ஐந்து வருடத்துக்குள் சுமார் 50 லட்சம் முகவரிகளுக்கு வாசல் விநியோகத்தை நிறுத்தி, பொதுப் பெட்டிக்கு மாற்றப்போவதாக அறிவித்தது. முதியவர்கள் பாடு என்ன என்ற கேள்விக்கு, அன்றைய தலைவர் தீபக் சோப்ரா (ஆன்மிகப் புத்தகம் எழுதுகிறவர் இல்லை, இவர் வேறு) நாடாளுமன்றக் குழுவின் முன், அவர்கள் சுறுசுறுப்பாக இருக்க விரும்புகிறார்கள் என்ற மாதிரி ஒரு பதில் சொன்னார். பெப்ரவரி மாத ஐஸில் வோக்கர் தள்ளிப் பார்த்தவர்கள் சிரித்திருப்பார்கள்.

2015 இல் ஒன்ராறியோவின் ஹமில்ரன் நகரசபை ஒரு துணைச்சட்டம் போட்டது. எங்கள் வீதியோரத்தில் பெட்டி வைப்பதானால் அனுமதி எடு, 200 டொலர் கட்டு. காசு பிடுங்கும் வேலை என்று சொன்னால் நான் ஒத்துக்கொள்ளமாட்டேன். 200 டொலரில் என்ன பிடுங்குவது? யாரோ ஒருவர் நேரில் வந்து இடத்தைப் பார்க்கும் செலவுக்கே அது காணாது. வீட்டுக்கும் ரோட்டுக்கும் இடையில் கிடப்பது வெறும் புல்லா? கீழே தண்ணீர்க் குழாய், காஸ் குழாய், கேபிள். மேலே மரம், மின்கம்பம். சந்தியை ஒட்டிப் பெட்டி நின்றால் திரும்புகிற காருக்குக் குறுக்கே வரும் பிள்ளை தெரியாது. ஸ்நோ தள்ளும் வண்டி ஒதுக்குகிற பனி முழுக்க அதன் காலடியில் குவிந்துவிட்டால் பெட்டியைத் திறக்கவே முடியாது. வருடம் முழுக்க அந்த வீதியைப் பார்த்துக்கொள்கிறவர்களுக்குத்தான் இதெல்லாம் தெரியும்.

கனடா போஸ்ட் நீதிமன்றம் போனது. 2015 ஜூனில் நகரசபை தோற்றது, 2016 இல் மேன்முறையீட்டிலும் தோற்றது. வீதி உட்பட எந்தப் பொது இடத்திலும் பெட்டி வைக்க மத்திய ஒழுங்குவிதி இடம் கொடுக்கிறது. அதோடு மோதும் துணைச்சட்டம் செல்லாது. சட்டப்படி சரியாகத்தான் இருக்கும்.

மொன்றியல் மேயர் டெனி கொடேர் வேறு வழி பிடித்தார். 2015 ஓகஸ்டில், இயற்கைப் பூங்கா ஒன்றில் பெட்டிக்காகப் போட்டிருந்த கொங்கிரீட் மேடையைத் துளைக்கும் இயந்திரத்தால் தானே உடைத்தார். படத்துக்கு நல்ல காட்சி. எனக்கென்னவோ ஹமில்ரனின் அந்தச் சலிப்பூட்டும் அனுமதிப் படிவம்தான் பெரிய விஷயமாகப் படுகிறது.

அதே வருடம் ஒக்டோபரில் லிபரல் கட்சி தேர்தலில் வென்றது, திட்டம் நின்றது. அதற்குள் மாறிவிட்ட எட்டு லட்சத்துக்கும் மேற்பட்ட முகவரிகளுக்கு வாசல் விநியோகம் திரும்பவில்லை.

2025 செப்டம்பரில், அதே லிபரல் அரசு அந்தத் திட்டத்துக்கு இருந்த தடையை நீக்கி, மீதி 40 லட்சம் முகவரிகளையும் மாற்றச் சொல்லிவிட்டது. கனடா போஸ்டின் நஷ்டம் பொய்யில்லை. இருபது வருடத்துக்கு முன் வருடத்துக்கு 550 கோடியாக இருந்த கடிதங்கள் இப்போது 200 கோடி. இந்த மாற்றத்தால் வருடத்துக்கு 40 கோடி டொலர் மிச்சமாகும் என்கிறார்கள். மிச்சம் பிடிக்கட்டும். அப்புறம், பெட்டி வைக்க முன்னம் நகரசபையின் சம்மதம் வேண்டும் என்று அந்த ஒழுங்குவிதியில் ஒரு வரி சேர்க்கட்டும். நீதிமன்றம் அதற்குக் குறுக்கே நிற்கவில்லை.

இதைத்தான் எங்கள் எம்.பி.க்கு எழுதியிருக்கிறேன். ஒட்டாவா நாடாளுமன்ற முகவரிக்கு எழுதினால் முத்திரை ஒட்டத் தேவையில்லை, நீங்களும் எழுதலாம்.