மென்ட்டர் தேடுகிற நெல்லைப் பிள்ளைகளுக்கு

புதிதாகத் தொழில் தொடங்குகிறவர்கள் "நல்ல மென்ட்டர் யாரும் இருக்காங்களா?" என்று வழிகாட்ட ஆள் கேட்கும்போது, மேடையில் பேசுகிறவரையோ நாலு கிளை வைத்திருப்பவரையோதான் மனசில் வைத்துக் கேட்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. உங்கள் சரக்கைக் கையில் எடுத்துப் பார்த்துக் குறை சொல்லத் தெரிந்த ஆள்தான் முதலில் வேண்டும்.

மரச்செக்கு எண்ணெயை எடுத்துக்கொள்ளுங்கள். பாளையங்கோட்டை, அம்பாசமுத்திரம், தென்காசி என்று எல்லாப் பக்கமும் செக்கு போடுகிறார்கள். 100 கிலோ எள் ஆட்டினால் சுமார் 40 கிலோ எண்ணெய் தேறும். மிச்சத்தில் பெரும்பங்கு புண்ணாக்கு. எண்ணெய் விலையை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டால் கட்டுபடியாகாது. இதில் ஊறிய அண்ணாச்சி ஒருவர் முதலில் கேட்பது, "புண்ணாக்கை யாருக்குப் போடுதே, என்ன விலைக்கு?" என்பதாகத்தான் இருக்கும். அடுத்து எள்ளை ஒரு பிடி அள்ளி வாயில் போட்டுக் கடிப்பார். ஈரம் இருந்தால் எண்ணெயும் குறையும், சீக்கிரம் சிக்கு வாடையும் அடிக்கும். லோகோவில் பேச்சைத் தொடங்குகிறவர் விளம்பரத்துக்கு உதவுவார், செக்குக்கு உதவ மாட்டார்.

அவரைப் பார்க்கக் கையை வீசிக்கொண்டு போகாதீர்கள். கொள்முதல், கூலி, கரண்ட் பில், வாடகை, விற்பனை, வெளியே நிற்கும் பாக்கி எல்லாவற்றையும் மூன்று மாதத்துக்கு ஒரே தாளில் எழுதிக்கொண்டு போங்கள். கொடுத்துவிட்டுப் பேசாமல் இருங்கள். அவர் விரல் பாக்கியில் போய் நின்றால் ஆளை விடாதீர்கள். தினம் 5,000 ரூபாய் சரக்கை 30 நாள் கடனுக்குக் கடைகளில் போட்டால், ஒன்றரை லட்சம் எப்போதும் ஊருக்குள் சுற்றிக்கொண்டிருக்கும். நோட்டில் லாபம் தெரியும், எள் வாங்கக் காசு இருக்காது. உத்யம் பதிவு (மத்திய அரசின் சிறுதொழில் பதிவு) உள்ள குறு, சிறு உற்பத்தியாளருக்கு 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்று 2006-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. தினமும் சரக்கு எடுக்கிற கடையில் அந்தச் சட்டத்தைப் பேசினால் அடுத்த வாரம் ஆர்டர் வராது. முகம் கோணாமல் பாக்கியை வசூலிப்பது எப்படி என்பதைக் கடை கடையாக ஏறி இறங்கியவர்தான் சொல்லித் தர முடியும்.

மெஷின் விற்கிறவர், வட்டிக்குக் கொடுக்கிறவர், உங்களுக்கே எள் போடுகிறவர், இந்த மூவரும் எவ்வளவு நல்லவர்களாக இருந்தாலும் மென்ட்டராக வேண்டாம். பெரிய செக்கு வாங்கு என்று மெஷின்காரர் சொன்னால், அது உங்கள் தேவையா அவர் விற்பனையா என்று பிரித்துப் பார்க்கவே முடியாது.

மானியம் வாங்கித் தருவதாகச் சொல்லி வருகிறவர்களுக்கு ஒரு சின்னப் பரீட்சை வையுங்கள். பி.எம்.இ.ஜி.பி. என்கிற மத்திய அரசின் மானியக் கடன் திட்டத்தில் மானியம் எப்போது கைக்கு வரும் என்று கேளுங்கள். அது கைக்கே வராது. வங்கியில் உங்கள் பெயரில் 3 வருடம் வைப்பாகக் கிடந்து, பிறகு கடனில் கழியும். "லோன் வந்த உடனே மானியமும் வந்துரும்" என்கிறவரை அங்கேயே அனுப்பிவிடுங்கள். திட்ட விவரத்தை மாவட்டத் தொழில் மையத்திலேயே நேரில் போய்க் கேட்டுக்கொள்ளலாம்.

கட்டணம் கேட்டால் தப்பில்லை, நேரத்துக்குக் காசு உண்டு. மாதம் ஒரு சந்திப்பு, ஆறு மாதம் என்று பேசிக்கொள்ளுங்கள். தொழிலில் பங்கு கேட்டால் அந்த ஆறு மாதம் முடியும்வரை எதையும் எழுதிக் கொடுக்காதீர்கள்.

முடிவு செய்வதற்கு முன், அவரிடம் ஆலோசனை கேட்ட இரண்டு பேரிடம் விசாரியுங்கள். ஒருவர் நன்றாக நடத்துகிறவர், இன்னொருவர் கடையை மூடியவர். மூடுகிற நேரத்தில் இவர் போனை எடுத்தாரா என்று அந்த இரண்டாம் ஆளிடம் கேளுங்கள்.