தங்கினால் மட்டும் போதாது

அரபுப் பாலைவனத்து நாடோடி மரபினரான பெதூயின்களின் வீட்டில் தங்கினாலே பேச்சு அரபி வந்துவிடும் என்று ஒரு கட்டுரையில் படித்தேன். அது பாதிதான் சரி. ஜோர்டானில் வாடி ரம் பாலைவனத்துச் சுற்றுலாக் கூடாரங்களில் பெரும்பாலும் ஆங்கிலம்தான் ஓடும். ஊருக்குள் குடும்பத்தோடு தங்க இடம் கேளுங்கள்.

தமிழர்களுக்கு முதல் இடறல் ககரம். இதயத்துக்கும் நாய்க்கும் அவர்கள் சொல்லும் சொற்களைத் தமிழில் எழுதினால் இரண்டுமே 'கல்ப்'தான். 'தங்கம்' என்பதில் வரும் ககர ஒலி இதயத்துக்கு. 'பக்கம்' என்பதில் வருவது நாய்க்கு. மாறினால் பாராட்டு வசவாகிவிடும்! குறிப்பு நோட்டில் இதயச் சொல்லின் ககரத்துக்கு அடிக்கோடு போடுங்கள். அரபி எழுத்திலேயே எழுதினால் இன்னும் நல்லது. ஏட்டு அரபியில் அந்த இதய ஒலி அடித்தொண்டையிலிருந்து வரும், தலைநகர் அம்மானில் பலர் அதை விழுங்கியே விடுவார்கள். ஆகவே பாடப்புத்தக ஒலிப்பதிவை வைத்துப் பயிற்சி செய்து போனால் முதல் சில நாள் ஒன்றும் பிடிபடாது.

பெதூயின் பேச்சில், பல பெண்களைப் பற்றிச் சொல்லும்போது வினைமுற்றில் தனிப் பன்மை விகுதி வரும். நகரப் பேச்சில் அது பெரும்பாலும் இல்லை. ஆண் விருந்தாளிகள் முன்கூடத்தோடு நின்றுவிடுவதால் இதைக் கேட்கும் வாய்ப்பு குறைவு. பெண் விருந்தாளிகள் உள்ளே போய்ப் பழகலாம், அங்கே மட்டும் படம் பிடிக்க ஃபோனை எடுக்க வேண்டாம்.

காப்பிக் கிண்ணத்தை வலக்கையில் வாங்குங்கள். போதுமென்றால் லேசாக ஆட்டித் திருப்பிக் கொடுங்கள், இல்லாவிட்டால் ஊற்றிக்கொண்டே இருப்பார்கள்.