17 தலை, ஒரு கண்ணும் இல்லை

(கும்பகோணத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். சித்திரை மாதம், சனிக்கிழமை சாயங்காலம். அரசுப் பேருந்தில் 31 வருடம் நடத்துநராக இருந்து ஓய்வு பெற்ற பெரியப்பா திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார். கையில் பூதக்கண்ணாடி, மடியில் போன வருடம் எடுத்த குடும்பப் படங்கள். எடுத்தவன் எதிரே நிற்கிறான். அவருடைய தம்பி மகன். அவர் கூப்பிடுவதும் ‘தம்பி’தான். பெரியப்பாவின் எழுபதாம் வயதுப் பீமரத சாந்திக்கு வந்த சொந்தம் கலைவதற்குள், மறுநாள் ஒரு நல்ல படம் எடுத்தாக வேண்டும்.)

பெரியப்பா: 17 தலை. கணக்கு சரியாக இருக்கிறது. கண்தான் ஒருவருக்கும் இல்லை.

தம்பி: கண் இருக்கிறது பெரியப்பா. நிழலுக்குள் இருக்கிறது.

பெரியப்பா: 17 பேருக்குமா?

தம்பி: உச்சிப்பொழுதில் எடுத்தது தப்பாகிவிட்டது. சித்திரையில் நம் பக்கத்தில் நடுப்பகல் சூரியன் ஏறக்குறைய நேர் உச்சந்தலைக்கு வந்துவிடும். நம் நிழலே காலடியில் சுருண்டுவிடும். புருவம் தாழ்வாரம் மாதிரி நீட்டிக்கொண்டு நிற்க, கண்குழி இருட்டிவிடுகிறது.

பெரியப்பா: “வெளிச்சம் பிரமாதமாக இருக்கிறது, அசையாதீர்கள்” என்று முக்கால் மணி நேரம் மொட்டை மாடியில் நிறுத்தினாயே, அது இதற்குத்தானா? சரி, இந்த இரண்டாவது படத்துக்கு வா. இதில் உன் பெரியம்மா, பாசி படிந்த குளத்துப் படி மாதிரி இருக்கிறாள். அவளிடம் இன்னும் காட்டவில்லை.

தம்பி: அது மாமரத்தடியில் எடுத்தது. வெயில் இலைக்குள் புகுந்தும் இலையில் பட்டும் இறங்குகிறது. கீழே புல் வேறு. பச்சை முகத்தில் ஏறிவிட்டது. நேரில் பார்த்தால் நம் கண் அதைத் தள்ளுபடி செய்துவிடும். கேமராவுக்குத் தள்ளுபடியே கிடையாது.

பெரியப்பா: நல்ல நடத்துநர். இதோ மூன்றாவது. இது யார் வீட்டுப் படம்?

தம்பி: நம் வீட்டுப் படம்தான்.

பெரியப்பா: என்னைக் காணோமே?

தம்பி: நடுவில் பட்டு வேட்டியோடு உட்கார்ந்திருப்பது யார்?

பெரியப்பா: நானும் அதைத்தான் கேட்கிறேன்.

தம்பி: பச்சையை எடுக்கப் போய், கணினியில் கை கொஞ்சம் நீண்டுவிட்டது. கறுப்போ மாநிறமோ சிவப்போ, மனிதத் தோல் பெரும்பாலும் ஆரஞ்சு வரிசைக்குள்தான் வரும். முகம் தெளியட்டும் என்று அந்த ஆரஞ்சின் வெளிச்சத்தைக் கொஞ்சம் ஏற்றினேன். பிறகு இன்னும் கொஞ்சம்.

பெரியப்பா: 31 வருடம் தஞ்சாவூர் சாலை வெயிலில் நின்று சம்பாதித்த நிறம், தம்பி. ஒரே இழுப்பில் துடைத்துவிட்டாய். நெற்றியில் மூன்று கோடு இருக்குமே, அதையும் காணோம். இந்த முகத்தோடு ஆயுள் சான்றிதழ் கொடுக்கப் போனால், ஓய்வூதியம் வாங்குகிறவர் எங்கே, நீங்கள் யார் என்று கேட்பார்கள். உன் பெரியம்மாவின் அரக்குப் பட்டு வேறு தீப்பிடித்து எரிகிறது.

தம்பி: அது நிறச்செறிவைக் கூட்டியதால் வந்தது. சிவப்பு முன்பே நிறைந்திருந்தது. அதற்கு மேல் ஊற்றினால் மடிப்பும் ஜரிகையும் கரைந்துபோகும். இந்தத் தடவை அதையெல்லாம் தொடப்போவதில்லை. வெளிச்சத்தை எடுக்கும்போதே சரிசெய்துவிடுகிறேன். அதற்குத்தான் இது.

(பையிலிருந்து ஃபிளாஷை எடுக்கிறான். கூடவே வெள்ளைக் குடை, மடக்குக் கம்பம்.)

பெரியப்பா: பட்டப்பகலில் தீவட்டியா? கல்யாண ஊர்வலமே போய் முடிந்துவிட்டதப்பா.

தம்பி: சூரியனை நம் முதுகுக்குப் பின்னால் விட்டுவிடுவோம். யாரும் கண்ணைச் சுருக்க வேண்டாம். அப்போது முகம் நிழலில் இருக்கும் அல்லவா? ஃபிளாஷ் அந்த நிழலை மட்டும் நிரப்பும். ஃபிளாஷ் அடித்த படம் என்றே தெரியக்கூடாது. கொஞ்சம் குறைத்தே அடிக்க வேண்டும்.

பெரியப்பா: போன பொங்கலுக்கும் ஃபிளாஷ் அடித்தாய். படத்தின் கீழ்ப்பாதி கறுப்பாக வந்தது. உன் சித்தப்பா பிள்ளைகள் இரண்டும் தரையில் உட்கார்ந்திருந்தன. இன்றுவரை அந்தப் படத்தில் அவை பிறக்கவே இல்லை.

தம்பி: அது ஷட்டரின் வேகம். கேமராவுக்குள் இரண்டு திரைகள் இருக்கின்றன. முதல் திரை விலகித் திறக்கும், இரண்டாவது பின்னாலேயே வந்து மூடும். வினாடியில் 200-ல் ஒரு பங்கு வரை, முழு ஜன்னலும் ஒரு கணம் திறந்தே இருக்கும். ஃபிளாஷ் அந்தக் கணத்தில் அடிக்கிறது. நான் 500-ல் ஒரு பங்கு வைத்துவிட்டேன். முதல் திரை முழுதாக விலகுவதற்குள் இரண்டாவது கிளம்பிவிட்டது.

பெரியப்பா: முன் வாசலில் ஆள் ஏறிக்கொண்டிருக்கும்போதே பின் வாசலில் விசில் அடித்துவிட்டாய்.

தம்பி: அதேதான்!

பெரியப்பா: பாதிக் கூட்டம் ஸ்டாண்டிலேயே நிற்கிறது. இதை முதலிலேயே இப்படிச் சொல்வதற்கென்ன? திரை, ஜன்னல் என்று நாடகக் கொட்டகைக்குப் போய்விட்டாய்.

(இருவரும் தோட்டத்துக்கு வருகிறார்கள். மேற்கே தென்னைகளுக்கு நடுவில் வெயில் சாய்ந்திருக்கிறது. பெரியப்பா அதற்கு முதுகைக் காட்டி நாற்காலியில் உட்காருகிறார். தம்பி கம்பத்தை நட்டுக் குடையை விரிக்கிறான். காற்று அடித்ததும் குடை, கம்பம், ஃபிளாஷ் மூன்றும் அவர் மடியில் வந்து விழுகின்றன.)

பெரியப்பா: சீட்டில் இடம் பிடிக்கத் துண்டு போட்டுத்தான் பார்த்திருக்கிறேன். போ, கொல்லையிலிருந்து இரண்டு செங்கல் எடுத்துவந்து காலில் கட்டு.

(கட்டுகிறான். குடை நிற்கிறது.)

தம்பி: எத்தனை அடி தள்ளி வைப்பது என்றுதான் யோசிக்கிறேன். பக்கத்தில் வைத்தால், முன்னால் இருக்கும் அத்தை சுண்ணாம்பு அடித்த மாதிரி ஆகிவிடுவார். பின்வரிசைச் சித்தப்பா கரிப்பானை. தூரம் இரண்டு மடங்கானால் வெளிச்சம் நாலில் ஒரு பங்குதான் போய்ச் சேரும்.

பெரியப்பா: இரண்டு மடங்கு தூரத்துக்கு நாலு மடங்கு கட்டணமா? எந்த நிர்வாகத்தில் இந்த அநியாயம்?

தம்பி: இயற்கையின் நிர்வாகம். அதனால் குடையைத் தள்ளி வைப்போம். முன்வரிசைக்கு 4 மீட்டர், பின்வரிசைக்கு 5 மீட்டர் என்றால் வித்தியாசம் பெரிதாகத் தெரியாது.

பெரியப்பா: தள்ளி வைத்தால் எட்டுமா?

தம்பி: இந்த ஃபிளாஷின் பலத்தைச் சொல்லும் வழிகாட்டு எண் 36. இரண்டு வரிசையும் தெளிவாக விழ, லென்ஸின் துவாரத்தை எஃப் 8 என்ற அளவில் வைக்க வேண்டும். 36-ஐ 8-ஆல் வகுத்தால் நாலரை. குடை இல்லாமல், ஐஎஸ்ஓ 100-ல், அதாவது கேமராவின் ஒளி உணர்வு 100-ல் இருந்தால், நாலரை மீட்டர் வரைக்கும் எட்டும். குடை பாதிக்கு மேல் தின்றுவிடும். அதை ஐஎஸ்ஓ 400 வைத்து மீட்டுவிடலாம்.

பெரியப்பா: கணக்கு சரியாக வருகிறது. இப்படி மனக்கணக்குத் தெரிந்தவனை, போன வருடம் அந்த மொட்டை மாடிக்கு யார் அனுப்பினார்கள்?

(தம்பி ஃபிளாஷின் முகத்தில் ஆரஞ்சு நிறக் கண்ணாடித்தாள் ஒன்றை ஒட்டுகிறான்.)

பெரியப்பா: மிட்டாய்த் தாள் எதற்கு?

தம்பி: வெளிச்சத்தின் நிறத்தைக் கெல்வின் என்ற வெப்ப அளவில் சொல்வார்கள். ஃபிளாஷ் நடுப்பகல் வெள்ளை, சுமார் 5500 கெல்வின். சாயங்கால வெயில் 3500-க்கு இறங்கிச் சிவந்துவிடும். அப்படியே அடித்தால் பின்னால் மாலை, முகத்தில் மட்டும் மத்தியானம். வேறு ஊரிலிருந்து வெட்டி ஒட்டின தலை மாதிரி தெரியும்.

பெரியப்பா: சூடு குறையக் குறையச் சிவக்குமா? இதென்ன தலைகீழ்க் காய்ச்சல்.

தம்பி: இந்தச் சாம்பல் அட்டையை மார்புக்கு நேரே பிடித்துக்கொள்ளுங்கள். ஒரு படம் இதோடு. கணினியில் இந்தச் சாம்பலைச் சாம்பலாக்கிவிட்டால் மற்ற நிறமெல்லாம் தானாக இடத்துக்கு வரும். அதற்குப் பிறகு மாலைச் சிவப்பு வேண்டுமென்றால் ஒரு துளி கூட்டிக்கொள்ளலாம். பச்சையை ஊகத்தில் துரத்த வேண்டியதில்லை.

பெரியப்பா: போலீஸ் ஸ்டேஷனில் இப்படித்தான் பலகையைக் கொடுத்து நிறுத்துவார்கள். எந்தப் பக்கம் திரும்ப வேண்டும்? எழுபது வயதில் இது ஒன்றுதான் பாக்கி.

தம்பி: மூக்குக்கண்ணாடியில் குடை தெரிகிறது. முகவாயைச் சற்றே தாழ்த்துங்கள். இருங்கள், குடையையும் ஒரு சாண் உயர்த்துகிறேன். இப்போது போய்விட்டது. பாருங்கள் இங்கே.

(ஃபிளாஷ் மின்னுகிறது. மாங்கிளையிலிருந்து ஒரு காகம் கத்திக்கொண்டு பறக்கிறது. கேமராவின் பின்பக்கச் சிறு திரையைப் பெரியப்பா பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்கிறார். ஓரக்காதில் வெயில் பட்டுச் செம்பு நிறத்தில் தெரிகிறது. கன்னம் கறுத்த கன்னம்தான். நெற்றியில் மூன்று கோடும் இருக்கின்றன. இரண்டு கண்ணிலும் கடுகளவு வெள்ளைப் பொட்டு. வெகு நேரம் பேசவில்லை.)

பெரியப்பா: எங்கள் அப்பா மாதிரி இருக்கிறது.

தம்பி: நாளைக்கு 17 பேரையும் இதே இடத்தில், இதே நேரம் நிறுத்திவிடுவோம். சரியாக ஐந்தரை மணி.

பெரியப்பா: நாளைக்கு என்ன கிழமை?

தம்பி: ஞாயிறு.

பெரியப்பா: ஞாயிறு நாலரையிலிருந்து ஆறு வரைக்கும் ராகு காலம்.

தம்பி: பெரியப்பா, படம் எடுப்பதற்கெல்லாமா பார்ப்பது?

பெரியப்பா: எனக்கு ஒன்றுமில்லை. நீயே உள்ளே போய் உன் பெரியம்மாவிடம் கேள். அந்தப் பச்சைப் படத்தையும் கையோடு எடுத்துக்கொண்டு போ.

தம்பி: (கைபேசியைப் பார்த்து) ஆறே காலுக்கு மேல் சூரியன் மறைந்துவிடும். ஆறு மணிக்குப் பிறகு கிடைப்பது இருபது நிமிடம். வெயில் தணிந்துவிடும் என்பதால் ஃபிளாஷுக்குச் சிரமம் இல்லை. முகத்தை அது பார்த்துக்கொள்ளும். ஷட்டரை 60-ல் ஒரு பங்குக்கு இறக்கினால் பின்னால் வானமும் பதியும். எனக்கு அது கவலையில்லை. 17 பேரை இருபது நிமிடத்தில் யார் உட்கார வைப்பது? அத்தைக்குப் பூ வேண்டும், சித்தப்பா காப்பி குடித்துவிட்டு வருகிறேன் என்பார், பிள்ளைகள் மரத்தில் இருக்கும்.

(பெரியப்பா எழுந்து உள்ளே போகிறார். டிரங்குப் பெட்டி திறக்கும் சத்தம். கறுத்துப்போன ஒரு விசிலை வேட்டி முனையில் துடைத்துக்கொண்டே வருகிறார். வாயில் வைத்து ஒரு ஊது ஊதுகிறார். அடுத்த தெருவில் நாய் குரைக்கிறது. சமையல்கட்டில் ஏதோ பாத்திரம் விழுகிறது.)

பெரியப்பா: எல்லாரிடமும் சொல்லிவிடு. ஆறு ஐந்துக்கு வண்டி எடுத்துவிடுவேன். ஏறாதவர்கள் அடுத்த சித்திரைக்குத்தான்.